ஏழு நாள் நிற்கும் கோபுரத்துக்கும் கணக்கு வேண்டும்

(கொட்டாஞ்சேனையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, சில நாட்கள் மட்டும் தெருவில் நின்றுவிட்டு மறைந்துபோகிற பெரிய கலைக் கட்டுமானங்களைப் பற்றி. அவற்றை மரத்தால், அதிலும் ஒட்டிச் செய்த மரத்தால், கணக்குப் போட்டு எழுப்புவது எப்படி என்பதைப் பற்றி. இதைப் பேசக் கொட்டாஞ்சேனையை விடப் பொருத்தமான இடம் இலங்கையில் இல்லை என்றே நினைக்கிறேன். பௌத்தரின் வெசாக் வந்தால் தொட்டலங்கவிலும் கிராண்ட்பாஸிலும் புறக்கோட்டையிலும் பொரளையிலும் படங்களும் மின்குமிழ்களும் பதித்த உயர்ந்த தோரணங்கள் எழுகின்றன. ஜூன் 13 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு இந்தத் தெருக்கள் முழுக்க அலங்காரம். ஆடியில் செட்டியார் தெருவிலிருந்து முருகனின் வேல் ஊர்வலம் புறப்படுகிறது. மூன்று சமயத்தாரும் ஒரே தெருவில் மாறி மாறிப் பந்தல் போடும் ஊர் இது.

அந்தப் பழக்கம் சுமுகமாக வந்ததில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று, பௌத்த ஊர்வலம் ஒன்றைத் தொட்டு இதே கொட்டாஞ்சேனையில் கலவரம் மூண்டது. அதைத் தொடர்ந்து நடந்த முறையீடுகளின் பலனாகத்தான் வெசாக் அரச விடுமுறை ஆனது. 1885 ஏப்ரல் 28, அந்த முதல் விடுமுறை நாளில், இங்கிருக்கிற தீபதுத்தமாராம விகாரையில் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. ஆகவே இங்கே தெருவில் ஒன்றை எழுப்பி எல்லோரும் வந்து பாருங்கள் என்று அழைப்பது வெறும் வேடிக்கைக் காரியம் இல்லை. அந்த அழைப்பை நம்பி வருகிறவர்கள் தலைக்கு மேல் எதை நிறுத்தியிருக்கிறோம் என்பது நம் பொறுப்பு.

தோரணத்தை எல்லோரும் இரவில்தான் பார்க்கிறார்கள். நான் பகலில், அதுவும் பின்பக்கமாகப் போய்ப் பார்க்கச் சொல்வேன். முன்னால் ஜாதகக் கதைப் படங்கள், ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள். பின்னால் கமுகு மரங்கள், இப்போது பெரும்பாலும் அவற்றோடு கலந்து இரும்புக் குழாய்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிறு, கம்பி. குமிழ்களை மாறி மாறி எரிய வைப்பதற்கு ஒரு மர உருளையில் செப்புத் தகடுகளைப் பதித்து மோட்டாரால் சுழற்றுகிற பழைய ஏற்பாட்டை உருவாக்கியவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர்களில்லை. அந்த மூளைக்கு நான் தலைவணங்குகிறேன். இனி நான் சொல்லப்போகிற எதுவும் அவர்களுடைய கைத்திறனைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் பொறியியலாளனின் கண்ணுக்குத் தோரணம் என்பது கரையில் நட்டு வைத்த ஒரு பாய். அதன் பாரம் பெரிய பிரச்சினை இல்லை. காற்றுத்தான் பிரச்சினை.

ஒரு கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். 15 மீற்றர் அகலம், 20 மீற்றர் உயரம் உள்ள ஒரு தோரணம். முகப்பு 300 சதுர மீற்றர். முழுவதும் பலகையாலும் துணியாலும் மூடியிருக்கிறது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி அழித்த பின், 1980இல் நம் நாட்டில் பலத்த காற்றுக்கேற்பக் கட்டடங்களை வடிவமைக்கும் கைநூல் ஒன்று வந்தது. அது நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. கொழும்பு மூன்றாம் வலயம், அதாவது காற்று மிகக் குறைந்த வலயம். அப்படியிருந்தும் சாதாரணக் கட்டடத்துக்கு இங்கே எடுக்க வேண்டிய காற்றின் வேகம் செக்கனுக்கு 33 மீற்றர் அளவில் இருக்கிறது. மணிக்குச் சொன்னால் ஏறக்குறைய 120 கிலோமீற்றர்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தை அதனாலேயே பெருக்கி, 0.613ஆல் மீண்டும் பெருக்கினால் சதுர மீற்றருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். 33க்கு அது 667. தட்டையான முகப்புக்கு இன்னும் ஒரு 1.2 மடங்கு சேர்த்து, 300 சதுர மீற்றரால் பெருக்குங்கள். சுமார் 24 தொன் வருகிறது. 24 தொன் எடை கிடையாகத் தோரணத்தின் நடு நெஞ்சில், தரையிலிருந்து 10 மீற்றர் உயரத்தில் கைவைத்துத் தள்ளுகிறது. தோரணத்தின் அடி, முன்னுக்கும் பின்னுக்குமாக 4 மீற்றர் என்று வைப்போம். அது குப்புற விழாமல் இருக்க அடியில் 120 தொன் பாரம் வேண்டும். தோரணத்தின் சொந்த எடையோ பத்துத் தொன் இருந்தாலே அதிகம்.

இந்த இடத்தில் பலர் கேட்கும் கேள்வி நியாயமானது: இத்தனை வருடங்களாக நின்றவை எப்படி நின்றன? மூன்று காரணங்கள் சொல்லலாம். ஒன்று, பக்கத்துக் கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் இழுத்துக் கட்டிய கயிறுகள். அவைதான் உண்மையில் பாரத்தைத் தாங்கின. இன்னொன்று, துணி கிழிந்து காற்றுக்கு வழிவிட்டது. மூன்றாவது, அந்த வேகத்தில் காற்று அந்த ஏழு நாளில் அடிக்கவில்லை. இந்த மூன்றாவது காரணத்தைத்தான் நாம் வருடா வருடம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

குறைந்த நாட்கள் நிற்பதற்குக் குறைந்த காற்றை எடுக்கலாம் என்பது உண்மைதான். ஐரோப்பிய நியமம் அதை அளவு போட்டே சொல்கிறது. மூன்று நாளுக்குள் முடிவதானால் 2 வருடத்தில் ஒருமுறை வரக்கூடிய காற்று. மூன்று மாதத்துக்குள் என்றால் 5 வருடக் காற்று. ஒரு வருடத்துக்குள் என்றால் 10. அதற்கு மேல் 50. தோரணத்தில் குமிழ்கள் எரிவது ஒரு வாரம் என்றாலும், முதல் மரம் ஊன்றிய நாளிலிருந்து கடைசி மரம் பிடுங்கிய நாள் வரை எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் அது 5 வருடக் காற்றுக்குள்தான் வரும். சலுகை காற்றின் வேகத்துக்கு மட்டும். தாங்கும் பலத்தில் வைக்க வேண்டிய பாதுகாப்புக் காரணியில் எந்தச் சலுகையும் கிடையாது. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அதோடு நமக்கென்று ஒரு சிக்கல். வெசாக் வருவது பெரும்பாலும் மே மாதத்தில். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதும் அப்போதுதான். அதற்கு முந்திய வாரங்களில் பிற்பகல் இடிமழையோடு திடீரென்று வீசும் காற்று, முன்னறிவித்துவிட்டு வருவதில்லை. 2016ஐ நினைத்துப் பாருங்கள். மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்தது, களனி கங்கை பெருகிக் கொலொன்னாவை மூழ்கியது, அந்த வருடத்து வெசாக் மே 21. உலகத்தின் வேறு நகரங்களில் இப்படிப்பட்ட கலைக்கூடங்களைக் கோடையைப் பார்த்துக் கட்டுகிறார்கள். நாம் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கட்டுகிறோம். அது மாறப்போவதில்லை, மாற வேண்டியதுமில்லை. கணக்கு அதற்கேற்ப இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? அடியை 4 மீற்றரிலிருந்து 8 மீற்றர் ஆக்கினால் 120 தொன் 60 ஆகிவிடும். அடுத்ததாக, காற்று செக்கனுக்கு 20 மீற்றரைத் தொடுவதற்கு முன் முகப்புப் பலகைகளை இறக்கிவிடுவது என்று விதி வைத்தால், தள்ளும் விசை 24 தொன்னிலிருந்து 9 தொன்னுக்கு வந்துவிடும். 8 மீற்றர் அடிக்கு அப்போது 22 தொன் சொச்சம் போதும். ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்து 34 தொன். சொந்த எடை பத்தைக் கழித்தால் 24. ஆயிரம் லீற்றர் நீர்த்தொட்டி ஒன்றின் எடை ஒரு தொன். ஆக இருபத்து நான்கு தொட்டிகள், தோரணத்தின் அடிச்சட்டத்துக்குள் மறைவாக. இது ஒரு தெருச்சங்கத்தால் செய்யக்கூடிய காரியம். ஆனால் பலகைகளைத் தரையிலிருந்தே கயிறு இழுத்து இறக்கும்படி பூட்டு அமைக்க வேண்டும். உச்சியில் காற்றுமானி ஒன்று வேண்டும். யார் இறக்கச் சொல்வது, யார் இறக்குவது என்று பெயர் குறித்து வைத்திருக்க வேண்டும். வானம் கறுத்த பிறகு கூட்டம் கூட்டித் தீர்மானிக்க நேரம் இருக்காது.

இனி மரத்துக்கு வருகிறேன். ஏன் மரம்? இரும்புக் குழாய் இருக்கும்போது எதற்கு இத்தனை பாடு?

நம் ஆட்கள் கமுகைத் தேர்ந்தது தற்செயல் இல்லை. கமுகு, தென்னை, பனை எல்லாவற்றிலும் வலுவான நார் தண்டின் ஓரத்தில்தான் நெருங்கி இருக்கிறது, நடு மென்மை. தென்னையில் அடிமரத்தின் வெளிப்புறம் கன மீற்றருக்கு 600 கிலோவுக்கு மேல் எடை போகும். நடுவில் 400க்கும் குறையும். வளைவைத் தாங்குவதற்கு வேண்டிய இடத்தில் பலத்தையும், வேண்டாத இடத்தில் எடைக் குறைவையும் அந்த மரங்கள் தாமே வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பந்தல்காரர்கள் சவுக்கை எடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் தேருக்கு முதல் நாள் இழுக்கும் கட்டுச் சப்பறத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். தோரணம் ஓரிடத்தில் நிற்கிறது. சப்பறம் சில்லில் ஓடுகிறது, குலுங்குகிறது, வீதியின் மூலையில் திரும்புகிறது. அதைக் கட்டுகிற ஓடாவிமாருக்கு எந்தக் கயிறு எப்போது தளரும் என்பது கையிலேயே தெரியும்.

ஆனால் இயற்கை மரத்தில் ஒரு தண்டு மற்றத் தண்டைப் போல இருக்காது. கணு இருக்கும், வளைவு இருக்கும். கணக்குப் போடும்போது மிக மோசமான தண்டை வைத்துத்தான் போட வேண்டியிருக்கும். ஒட்டிச் செய்த மரம் இந்த இடத்தில்தான் உதவுகிறது. மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டி உத்திரம் செய்வதற்கு, வளைந்த உத்திரம் உட்பட, ஒட்டோ ஹெட்சர் என்ற ஜெர்மன் தச்சர் 1906இல் காப்புரிமை பெற்றார். மரத்தைத் தாள் போலச் சீவி ஒட்டினால் பிளைவுட். அந்தச் சீவலையே பெரும்பாலும் ஒரே நாரோட்டமாக அடுக்கினால் எல்.வி.எல்.; பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கிச் சுவரளவுக்கு ஒட்டினால் சி.எல்.டி. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு கணு ஒரு மெல்லிய அடுக்கில் மட்டும் இருக்கும். பக்கத்து அடுக்கு அதைச் சமன்செய்துவிடும். பத்துத் துண்டும் பத்து விதமாக இராமல் ஒரே மாதிரி இருக்கும்.

மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. கட்டடம் படிக்கிற பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். இரும்புக்கு ஒரு பாரத்தை ஒரு நிமிடம் வைத்தாலும் ஐம்பது வருடம் வைத்தாலும் அதன் பலம் ஒன்றுதான். மரம் அப்படியில்லை. நீண்ட காலம் தாங்கச் சொன்னால் அது சோர்ந்துவிடும். ஒரு நொடி தாங்கச் சொன்னால் அசாதாரணமாகத் தாங்கும். மழை வெயில் படும் திறந்த வெளியில், நிரந்தரப் பாரத்துக்கு மரத்தின் பலத்தில் பாதியை, 0.5ஐத்தான் எடுக்க விடுகிறார்கள். கண நேரக் காற்று வீச்சுக்கு 0.9. கிட்டத்தட்ட இரட்டிப்பு. தோரணத்துக்கு வருகிற பெரிய பாரம் எது? கண நேரக் காற்று வீச்சு. தற்காலிகக் கலைக் கட்டுமானத்துக்கு மரம் இயல்பாகவே பொருந்துகிறது என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

கொழும்பில் பிறந்த ஒருவர் இதை உலகத்துக்குச் செய்து காட்டியிருக்கிறார். செசில் பால்மண்ட். லண்டனில் ஆரூப் நிறுவனத்தின் பொறியியலாளராக இருந்தவர். சர்பன்டைன் கலைக்கூடம் ஒவ்வொரு கோடையிலும் கென்சிங்டன் தோட்டத்தில் ஒரு மண்டபத்தை எழுப்பி, சில மாதங்களில் பிரித்துவிடும். 2005இல் அதைப் போர்த்துக்கேயக் கட்டடக் கலைஞர்கள் ஆல்வரோ சிஸா, எட்வர்டோ சொட்டோ டி மோரா இருவரும் பால்மண்டோடு சேர்ந்து வடிவமைத்தார்கள். அது எல்.வி.எல். பலகையால் ஆனது. சதுரக் கட்டம் ஒன்றை எடுத்து, அதை இழுத்து வளைத்துக் கூரையும் சுவருமாக்கினார்கள். நானூறுக்கும் மேற்பட்ட துண்டுகள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. நீண்ட உத்திரம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு குட்டைப் பலகையும் பக்கத்துப் பலகையின் நடுவில் கழுந்து வைத்து நிற்கிறது. அந்தப் பலகை அடுத்ததன் நடுவில். உள்ளே தூண் இல்லாமல் மக்கள் பகலில் தேநீர் குடித்தார்கள், இரவில் கூட்டம் கேட்டார்கள்.

துளையும் கழுந்தும் நம் ஓடாவிமாருக்கு அன்றாடம் பழகிய மூட்டுத்தான். புதியது, நானூறு மூட்டையும் கணினியில் வரைந்து, இயந்திரத்தில் மில்லிமீற்றர் பிசகாமல் வெட்டியது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கிற அமைப்பு என்பதால் கோர்ப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. அதைத் தவறவிட்டால் நடுவில் ஒரு துண்டை நுழைக்கவே முடியாது. பால்மண்டின் பெரும் வேலைகளில் இது அளவில் சிறியது. ஆனாலும் எனக்குப் பிடித்தது இதுதான். குட்டை மரத்தை வைத்து அகன்ற கூரை போடலாம் என்று அது நிரூபித்தது. குட்டை மரம் ஏன் நமக்கு முக்கியம் என்பதற்குச் சற்றுப் பொறுத்து வருகிறேன்.

இதே வழியில் லண்டனில் வேறு பலவும் வந்தன. 2013இல் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் முன் பதினைந்து படிக்கட்டுகள் பின்னிப்பிணைந்த ‘முடிவில்லாப் படிகள்’. 2016இல் செல்சி கலைக் கல்லூரி முற்றத்தில் அலிசன் புரூக்ஸ் வடிவமைத்த ‘புன்னகை’. இந்த இரண்டாவது, 34 மீற்றர் நீளமுள்ள சி.எல்.டி. குழாய்; நடுவில் மட்டும் தரையைத் தொட்டு, இரு முனையும் மேலே வளைந்து அந்தரத்தில் நிற்கும். மக்கள் உள்ளே நடந்து முனைவரை போகலாம். அங்கே பொறியியலாளர்களுக்குக் காற்றோடு இன்னொரு கவலை: அறுபது பேர் ஒரே முனைக்குப் போய், மறுமுனை காலியாக இருந்தால் என்ன ஆகும்? அதற்காக அடியில் இரும்புப் பாரத்தை வைத்துத் தாழ்த்தினார்கள். மனிதக் கூட்டம் வரிசையாக, சமமாக நிற்கும் என்று எந்தக் கணக்கிலும் எடுக்கக் கூடாது. நெரிசல் சேரும் இடத்துக்குச் சதுர மீற்றருக்கு 500 கிலோ என்று எடுப்பது வழக்கம். தோரணத்தின் முன்னால் இலவச உணவு தரும் தன்சல் மேடையும் பாட்டு மேடையும் போடுகிறவர்கள் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு அப்பால் சோதனையும் வேண்டும். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1975ஆம் ஆண்டுப் பூங்காக் கண்காட்சிக்காக ஃப்ரை ஒட்டோ வடிவமைத்த மரச்சட்ட மண்டபம் 60 மீற்றர் அளவு அகலத்தைத் தாண்டுகிறது. அதன் சட்டங்கள் வெறும் 50க்கு 50 மில்லிமீற்றர். கணினி அவ்வளவாக வளராத காலம். பொறியியலாளர்கள் கணக்கை மட்டும் நம்பவில்லை. குப்பைத் தொட்டிகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, தண்ணீர் நிரப்பி, எவ்வளவு தாழ்கிறது என்று அளந்தார்கள். கணித்த அளவோடு அது பொருந்தியது. அந்தக் கண்காட்சிக்கென்று தற்காலிகமாகக் கட்டியது இன்றும் நிற்கிறது, பாதுகாக்கப்பட்ட சின்னமாக.

நமக்கும் அப்படியான எளிய சோதனை கைக்கெட்டியதுதான். ஒரு மூட்டைச் செய்து, தண்ணீர்ப் பீப்பாயைத் தொங்கவிட்டு, உடையும்வரை நிரப்புங்கள். மரக் கட்டுமானம் பெரும்பாலும் மூட்டில்தான் உடையும். நடுமரம் முறிந்து விழுந்ததை விட, போல்ட் ஓட்டையிலிருந்து நாரோடு பிளந்து விழுந்ததே அதிகம். காரணம் கவனக்குறைவுதான்: மரத்தின் முனைக்கு மிகக் கிட்ட ஓட்டை போட்டுவிடுகிறார்கள். இழுவை வரும் பக்கத்தில் முனைக்கும் போல்டுக்கும் இடையே போல்டின் விட்டத்தைப் போல் ஏழு மடங்கு, குறைந்தது 80 மில்லிமீற்றர், விட வேண்டும். 12 மில்லிமீற்றர் போல்டுக்கு 84. பழைய சோனகத் தெருவில் போல்ட் வாங்கும்போது அகன்ற வாஷரையும் சேர்த்து வாங்குங்கள். அது இல்லாமல் முறுக்கினால் நட் மரத்துக்குள் புதைந்து, மழை நனைந்து மரம் ஊதிச் சுருங்கியதும் மூட்டுத் தளர்ந்துவிடும். கொழும்பின் ஈரக்காற்றில் மரம் தன் எடையில் பதினைந்து பதினாறு சதவீதம் ஈரத்தோடு இருக்கும். குளிர்நாட்டுத் தொழிற்சாலையில் 12 சதவீதத்தில் ஒட்டிய மரம் இங்கே வந்தால் குறுக்கே ஒரு சதவீதம்வரை ஊதும். பசையிலும் எச்சரிக்கை வேண்டும். மலிவான பிளைவுட்டில் யூரியாப் பசை இருக்கும். இரண்டு மழையில் அடுக்கடுக்காக உரிந்துவிடும். ஃபீனால் பசையில் ஒட்டியதைத்தான் வெளியில் வைக்கலாம்.

குட்டை மரம் என்றேன். அது எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விக்கு நம் நாடு ஒருமுறை தவறான பதில் சொல்லியிருக்கிறது. தேயிலைப் பெட்டிக்காகவும் மற்றதற்காகவும் அரசின் பிளைவுட் கூட்டுத்தாபனத்துக்கு மரம் தேவைப்பட்டபோது, 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜ வனத்துக்குள் இயந்திரங்களை இறக்கி மரம் வெட்டத் தொடங்கினார்கள். மக்கள் எதிர்த்தார்கள். 1977 ஆட்சி மாற்றத்தை ஒட்டி அது நிறுத்தப்பட்டது. 1988இல் அந்த வனம் உலக மரபுரிமை ஆனது. ஒட்டு மரம் என்றாலே இயற்கைக்கு நல்லது என்று யாராவது உங்களிடம் சொன்னால் சிங்கராஜவைச் சொல்லுங்கள். எந்த மரத்தை ஒட்டுகிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும்.

என் பதில் இறப்பர். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட நாற்றுகளிலிருந்து பரவிய மரம். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய மரம். முப்பது வருடம்போல் பால் தந்த பிறகு அதை எப்படியும் வெட்டி மறுநடவு செய்கிறார்கள். வெட்டியதில் பெரும் பகுதி தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகாகப் போய்விடுகிறது. ஆனால் அதன் விறைப்பு தேக்குக்கு வெகு தூரத்தில் இல்லை. குறை இரண்டு. தண்டு வளைந்தது, பால் வெட்டிய காயமும் இருக்கும். ஆகவே நேரான நீள மரம் கிடைக்காது, ஒரு மீற்றர் இரண்டு மீற்றர் துண்டுதான் கிடைக்கும். மற்றது, வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணமும் துளைப்பானும் பிடித்துவிடும்.

முதற்குறைக்கு மருந்து ஒட்டுவதுதான். துண்டு முனைகளை விரல்விரலாகச் சீவிக் கோர்த்து ஒட்டினால் எவ்வளவு நீளத்துக்கும் போகலாம். இலங்கையில் தளபாடத்துக்கும் பலகைக்கும் இப்படி ஒட்டுகிறார்கள். தோரணச் சட்டத்துக்கும் ஒட்டலாம், ஆனால் தளபாடப் பசையில் வேண்டாம். ஒவ்வொரு தொகுதியிலும் சில மூட்டுகளை உடைத்துச் சோதிக்கவும் வேண்டும். இல்லையேல் சர்பன்டைன் மண்டபத்தைப் போல, ஒட்டாமலே குட்டைத் துண்டுகளைக் கழுந்து வைத்து அடுக்கலாம். இரண்டாவது குறைக்கு, வெட்டியவுடன் போரக்ஸ் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி உலர்த்துகிறார்கள். அந்த மருந்து மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும் என்பதால் இறப்பர் மரத்தை நிரந்தரமாக வெளியில் வைக்க யாரும் துணிவதில்லை. நம் தோரணம் வெளியில் நிற்பது சில வாரம். பூச்சு ஒன்றைக் கொடுத்து, பிரித்து, கூரைக்குள் உலர வைத்தால் அதே சட்டம் பல வெசாக்குக்கு வரும். முப்பது வருடக் கூரைக்குத் தகுதியில்லாத ஒரு மரம் மூன்று வாரக் கோபுரத்துக்கு முழுத் தகுதியோடு நிற்கிறது. அதை அடுப்பில் போடுவது எனக்குப் பெரும் வருத்தம்.

பிரிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆணி அடித்த மரம் பிரிக்கும்போது பாழாகிவிடும். போல்ட் போட்டது முழுசாக வரும். ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதி, அந்த எண் வரைபடத்திலும் இருந்தால், வெசாக் தோரணத்தின் சட்டமே ஜூனில் அந்தோனியார் திருவிழாப் பந்தலுக்கும், ஆடியில் வேல் விழாவுக்கும் போகலாம். அளவை மட்டும் இப்போதே ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். மூன்று சமயமும் ஒரே மரத்தை மாறி மாறி எழுப்புவதை, 1883ஐக் கண்ட இந்த ஊர் செய்து காட்டினால் அது பெரிய செயலாக இருக்கும். கொலம்போஸ்கோப் போன்ற கலைவிழாக்களுக்கு வேலை செய்யும் இளம் கலைஞர்களும் அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கலாம்.

இதற்கு என்ன தடை? பணம் முதல் தடை இல்லை என்பது என் எண்ணம். தோரணம் கட்டும் பாஸ்மாரும் பொறியியலாளர்களும் ஒரே மேசையில் இருந்து பேசியதே மிகக் குறைவு. ஒரு பக்கத்தில் பல தலைமுறை அனுபவம், மறுபக்கத்தில் கணக்கு. அனுபவம் காகிதத்தில் இல்லாததால் ஒரு பாஸ் இறந்தால் அதுவும் போய்விடுகிறது. கணக்குத் தெருவுக்கு வராததால் அது பரீட்சைத் தாளிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தோரணச் சங்கங்களின் பெரியவர்களே, அடுத்த வெசாக்குக்குரிய வேலையை ஏப்ரலில் தொடங்காமல் ஜனவரியில் தொடங்குங்கள். நீங்கள் நினைத்திருக்கும் உயரம், அகலம், நிற்கும் இடம், பக்கத்தில் கயிறு கட்டக்கூடிய கட்டடம் எது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். மொறட்டுவையில் படிக்கும் தம்பி தங்கைகளே, அந்தத் தாளை வாங்கிக் காற்றுக் கணக்கை நீங்கள் போடுங்கள். உங்கள் ஆசிரியர்களிடம் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். மாநகர சபையில் இருப்பவர்களே, அந்தக் கையொப்பம் இல்லாத தோரணத்துக்கு அனுமதி கொடுக்காதீர்கள். கையொப்பம் உள்ளதற்குத் தாமதமும் செய்யாதீர்கள். மூட்டுச் சோதனைக்கு வேண்டிய மரத்தையும் பீப்பாயையும் நான் தருகிறேன். ஜனவரி முதல் வாரத்தில் வாருங்கள்.